வெளிநாட்டு டைவிங் பயணத்தில் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்போது, எப்படி

ஹோட்டல் பில்லோடு வரும் சோம்புத் தட்டில் பத்தோ இருபதோ வைத்துவிட்டு எழுந்திருப்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிய கணக்கு. வெளிநாட்டுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு அது உதவாது. அங்கே மூன்று நாளோ ஏழு நாளோ அதே ஆட்களோடு கடலில் கிடக்கிறோம். அவர்கள் நிரப்பிக் கொடுத்த காற்றைத்தான் இருபது மீட்டர் ஆழத்தில் இழுத்து விடுகிறோம். கடைசி ராத்திரி ஒரு வெற்றுக் கவரைக் கொடுத்து, தொகையை நம் மனசுக்கு விட்டுவிடுகிறார்கள். பையில் அப்போது நூறு டாலர் தாள் மட்டும் இருக்கும், கடலுக்கு நடுவில் மாற்றவும் வழியிருக்காது. இந்தத் திண்டாட்டத்தில் முக்கால்வாசியை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடலாம்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால் நமக்கு மிக எளிதில் எட்டும் வெளிநாட்டுக் கடல் இலங்கைதான். அதனால் கீழே வரும் கணக்குகளில் இலங்கை முதலில் வருகிறது. மாலத்தீவு, தாய்லாந்து, பாலி, எகிப்து பிறகு வருகின்றன.

முதலில், யாரெல்லாம் உழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் தோணியில் நின்று கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. அவர் கண் அசந்தால் கீழே போனவர் மேலே வரமாட்டார். இன்றைய டைவிங்கிலும் கயிறு பிடிப்பவர்கள் உண்டு, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். நமக்குத் தெரிவது தண்ணீருக்குள் முன்னால் போகிற டைவ் மாஸ்டர் ஒருவரைத்தான். டிப்ஸ் முழுவதையும் அவர் கையில் திணித்துவிட்டு வருவது புதியவர்கள் செய்கிற முதல் தவறு.

படகோட்டியைப் பாருங்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் நம்மை அரை கிலோமீட்டர் தள்ளிக் கிளப்பினாலும், அலைக்கு நடுவே நாம் அடையாளத்துக்கு உயர்த்தும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயைக் கண்டுபிடித்து வந்து சேர்கிறவர் அவர். டெக்கில் நிற்கிற பையன்கள் பதினைந்து கிலோவுக்குக் குறையாத சிலிண்டரை ஆடுகிற படகில் நம் முதுகில் மாட்டிவிடுகிறார்கள், ஏணியில் ஏறும்போது துடுப்புக் காலணியைக் கழற்றி வாங்குகிறார்கள். பின்பக்கம் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர் ஒருவர் இருப்பார். சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புவது அவர் வேலை. காற்று இழுக்கும் குழாய் இன்ஜின் புகை வரும் திசையில் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்விடும். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாவிட்டாலும் காற்று கெடும். மேலே லேசான தலைவலியோடு போகிற அளவு, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மயக்கம்வரை கொண்டுபோகும். டைவ் முழுவதும் தலை வலிக்காமல் மேலே வந்தோம் என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் பயணிகளில் பாதிப் பேர் அவர் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

பாலியில் துலம்பென் கரையில் லிபர்டி என்ற மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வகை உழைப்பு காத்திருக்கும். கூழாங்கல் கரையில் உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வைப்பார்கள். மாலத்தீவுப் படகுப் பயணத்தில் தங்கும் கப்பல் வேறு, டைவ் பண்ணப் போகும் படகு வேறு. அந்த இரண்டாவது படகை அவர்கள் 'தோனி' என்பார்கள். நம் தோணிக்கு உறவுக்காரச் சொல். தோனிக்குத் தனி ஆட்கள் உண்டு. கப்பலில் சாப்பாடு போட்டவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இவர்களை விட்டுவிடக் கூடாது.

ஊரில் இருக்கும்போதே கேட்க வேண்டியவை

முன்பதிவு உறுதியானதும் டைவிங் கடைக்கோ படகு நிறுவனத்துக்கோ வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்புங்கள். டிப்ஸைப் பொதுப் பெட்டியில் போடுவதா, தனித்தனியாகக் கொடுப்பதா? எந்த நாட்டுப் பணத்தில் கொடுத்தால் ஊழியர்களுக்கு வசதி? பில்லில் சேவைக் கட்டணம் உண்டா, உண்டென்றால் அது டைவ் ஊழியர்களுக்கும் போகிறதா? இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாள்தோறும் அவர்களிடம் கேட்கப்படுகிற கேள்விதான்.

மூன்றாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மாலத்தீவு ரிசார்ட் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் இருக்கும். இலங்கை ஹோட்டல்களிலும் 10 சதவீதம் சேர்ப்பது வழக்கம். பாலியில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். ஆனால் ரிசார்ட்டுக்குள் இருக்கும் டைவிங் சென்டரைப் பல இடங்களில் வேறு நிறுவனம் நடத்துகிறது. அறை பில்லில் கொடுத்த சேவைக் கட்டணத்தில் டைவ் ஊழியருக்கு ஒரு காசும் போகாமல் இருக்கலாம். "ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்" என்று நினைத்து வெறுங்கையோடு கிளம்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எவ்வளவு?

எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் உண்டு.

ஒருநாள் டைவ் என்றால், ஆசிய நாடுகளில் அன்றைய டைவிங் கட்டணத்தில் 10 சதவீதத்தை ஒட்டி, அல்லது ஒரு நாளைக்கு 5 முதல் 10 டாலர் என்று எடுத்துக்கொள்ளலாம். படகிலேயே தங்கி ஒரு வாரம் சுற்றும் பயணத்துக்கு மாலத்தீவிலும் எகிப்திலும் ஆசியாவிலும் பயணக் கட்டணத்தில் 5 முதல் 10 சதவீதம். அமெரிக்கர்கள் அதிகம் போகும் கரீபியன் படகுகளில் இது 10 முதல் 15 ஆகிவிடும். விமானக் கட்டணம், வரி, கடல் பூங்கா நுழைவுக் கட்டணம் இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். படகுக் கட்டணம் மட்டும் போதும்.

இலங்கைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் தங்கி, அங்கிருக்கும் புறாத் தீவுப் பக்கம் மூன்று நாள் காலையில் இரண்டிரண்டு டைவ். ஒரு நாள் கட்டணம் 80 டாலர் என்று வைத்துக்கொண்டால் பத்து சதவீதம் 8 டாலர், மூன்று நாளுக்கு 24. டாலருக்கு 300 இலங்கை ரூபாய் என்று வைத்தால் 7,200 வருகிறது. அதை டைவ் மாஸ்டருக்கு 4,000, படகுக்காரர்கள் இருவருக்குத் தலா 1,000, சிலிண்டர் நிரப்பிச் சுமக்கிற பையனுக்கு 1,200 என்று பிரிக்கலாம். கடையில் பொதுப் பெட்டி இருந்தால் 7,200-ஐயும் அதில் போட்டுவிடலாம்.

வாரப் படகுக்கு: கட்டணம் 1,600 டாலர் என்றால் 5 சதவீதம் 80, 10 சதவீதம் 160. கணவனும் மனைவியும் போனால் இரட்டிப்பு. டைவ் பண்ணாமல் மேலே ஸ்நார்க்கெல் (குழாய் வழியே மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் நீந்துவது) மட்டும் பண்ணிய துணைக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அவருக்கும் ஒரு ஆள் துணைக்கு வந்திருப்பார், அதே சமையல்காரர்தான் சமைத்திருப்பார்.

இந்த வரம்புக்குள் புதியவர்கள் மேல்பக்கம் சாய்வதே நியாயம். கற்றுக்குட்டி ஒருவர் குழுவில் இருந்தால் டைவ் மாஸ்டருக்கு வேலை இரட்டிப்பு. நாம் மிதக்கிறோமா மூழ்குகிறோமா என்று பார்த்து ஈயக்கட்டியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். படபடப்பில் நாம் காற்றை வேகமாகக் காலி பண்ணுவதால் அடிக்கடி காற்று மீட்டரைப் பார்க்க வேண்டும். காது அடைத்துக்கொண்டால் கூடவே நிற்க வேண்டும். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் படிப்பு முடிக்கப் போகிறவர்கள், கடலில் நாலு டைவ், 18 மீட்டர் வரைக்கும் பொறுமையாகக் கூட்டிப்போன ஆசிரியருக்குப் படிப்புக் கட்டணத்தில் 5 முதல் 10 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

விலை பேசிக் குறைத்திருந்தாலும் டிப்ஸைக் குறைக்காதீர்கள். தள்ளுபடி கொடுத்தது முதலாளி, டிப்ஸ் போகிறது கூலிக்காரருக்கு. கடையை நடத்துகிறவரே டைவுக்கும் கூட்டிப்போனால் அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற வழக்கம் இல்லை. அந்தப் பங்கையும் படகுக்காரர்களுக்கே கொடுத்துவிடலாம்.

பணத்தை எந்த உருவில் கொண்டுபோவது

ஜிபே பழக்கத்தில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யுபிஐ செல்லும் என்பது உண்மை, ஆனால் அது கடைக்காரர் வைத்திருக்கும் கியூஆர் கோடுக்குத்தான். படகுப் பையனின் கைப்பேசிக்கு மதுரையிலிருந்து அனுப்புவதுபோல் அனுப்ப முடியாது. கார்டில் கொடுக்கலாமா என்றால், கார்டு மெஷினில் டிப்ஸ் போட இடம் இருந்தாலும் அது ஊழியர் கைக்கு எப்போது, எவ்வளவு கழித்துப் போகிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காசாகக் கொடுப்பதே நிச்சயம்.

இந்திய ரூபாயைக் கொடுப்பது தவிர்க்க வேண்டிய பழக்கம். வாங்குகிறவரால் அதை எளிதில் மாற்ற முடியாது. எந்த நாட்டுச் சில்லறை நாணயத்தையும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். பணமாற்றுக் கடைகள் தாளைத்தான் வாங்கும், சில்லறை நாணயத்தை வாங்காது. செங்கடல் படகுகளில் யூரோ நாணயங்கள் இப்படித்தான் ஊழியர்களிடம் பயனில்லாமல் தங்கிவிடுகின்றன. நம் ஊரில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி விற்கிற மொய்க் கவரையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டு, வெறும் காகிதக் கவர் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றும் வேண்டும், படகில் எல்லாமே நனையும்.

மதுரையில் டாலர் வாங்கும்போது ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பணமாற்றுக் கடையில் மட்டும் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, விமான டிக்கெட் கேட்பார்கள். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கு டாலர் தாளாக 3,000 வரைதான் கொண்டுபோகலாம், மீதி கார்டில். டிப்ஸுக்கு இந்த வரம்பு தாராளமாகப் போதும். கடைக்காரர் நூறு டாலர் தாளாகத் தள்ளப் பார்ப்பார். இரண்டு மூன்று நாள் முன்பே போன் பண்ணி, இருபது டாலராக இத்தனை தாள் வேண்டும் என்று சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தாளைப் பார்த்து வாங்குவது மிக முக்கியம். நம்மூரில் நோட்டில் பேனாவால் எழுதியிருந்தாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்தோனேசியாவில் டாலர் தாளில் ஒரு கிறுக்கல், முத்திரை, ஸ்டேப்ளர் ஓட்டை, ஓரக் கிழிசல் இருந்தால் போதும், திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளை டிப்ஸாகக் கொடுத்தால் நாம் கொடுத்தது அவருக்குக் காகிதம்தான். நடுவில் நீலப் பட்டை ஓடும் நூறு டாலர் தாள் 2013-இல் வந்தது. பட்டை இல்லாத பழைய தாள் செல்லுபடியாகும் என்றாலும் பல பணமாற்றுக் கடைகள் வாங்க மறுக்கும், அல்லது விலையைக் குறைக்கும். ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களுக்கும் ஆசியாவில் பல கடைகளில் மாற்று விலை குறைவு. அதனால் டாலரில் கொடுப்பதானால் இருபது டாலர் தாளும் அதற்கு மேலும், சிறு தொகையென்றால் அந்தந்த நாட்டுப் பணம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இலங்கையில் ரூபாய், தாய்லாந்தில் பாத், பாலியில் ருப்பியா. மாலத்தீவில் டாலரே ஊழியர்களுக்குப் பிடிக்கும். கவரை ஸ்டேப்ளர் அடித்து மூட வேண்டாம், ஸ்டேப்ளர் ஊசி உள்ளே இருக்கும் தாளைத் துளைத்துவிடும்.

எப்போது கொடுப்பது

ஒரே ஆட்களோடு எல்லா நாளும் போனால், கடைசி டைவ் முடிந்த அன்று மாலையில், அல்லது மறுநாள். கடையில் தினம் ஒரு டைவ் மாஸ்டர் மாறினால், அன்றன்றைக்குக் கொடுத்துவிடுங்கள்; நாளைக்கு அவருக்கு விடுமுறையாக இருக்கலாம். தலையில் சிலிண்டர் சுமந்தவருக்கும் அன்றே, அந்தக் கரையிலேயே.

டைவிங் பயணத்தில் நேரம் எடுத்து நிதானமாகக் கொடுக்க ஒரு வசதி தானாகவே அமைகிறது. பல டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழாக மாறும். கொழும்பு–மதுரை ஒரு மணி நேரப் பறத்தல்தானே என்று இதில் சலுகை எடுக்க முடியாது. மலை ஏறுவதும் அதே கணக்கில் சேரும். திருகோணமலையில் காலையில் டைவ் பண்ணிவிட்டு அன்றே காரில் நுவரெலியா போவது ஆபத்து, அந்த ஊர் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில், நம் கொடைக்கானலை எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருக்கிறது. ஆக, கடைசி நாள் எப்படியும் கரையில்தான். அன்று சாமான்களை அலசிக் காயப்போட்ட பிறகு கடைக்குப் போய், டைவ் விவரங்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, ஆளாளுக்குப் பேசி, கவரைக் கொடுத்துவிட்டு வரலாம். விமான நிலையத்துக்கு வண்டி ஹாரன் அடிக்கும்போது அவசரத்தில் கொடுத்தால் யாரோ ஒருவர் விட்டுப்போவார், பெரும்பாலும் கம்ப்ரஸர்காரர்.

கொடுக்கும் முறை

வலது கையால், அல்லது இரண்டு கையாலும். நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தோனேசியாவிலும் மாலத்தீவிலும் இடது கையால் கொடுப்பது மரியாதைக் குறைவு. தாய்லாந்தில் பாத் தாளில் மன்னர் படம் இருக்கும். அதைக் கசக்குவதோ, காற்றில் பறந்தால் காலால் மிதித்துப் பிடிப்பதோ அங்கே பெரிய அவமதிப்பு.

மொய் மாதிரி மைக்கில் சொல்கிற தொகை இல்லை இது. பிறர் பார்க்க எண்ணிக் கொடுக்காதீர்கள். கவர் மேல் 'படகு ஊழியர்களுக்கு' என்றோ பெயரையோ எழுதிக் கொடுங்கள். ஆறு பேர் நண்பர்களாகப் போனால் ஒருவர் வசூலித்து ஒரே கவராகக் கொடுப்பது எளிது, ஆனால் எத்தனை பேர் சேர்ந்து கொடுத்தது என்று கவரில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மீதி ஐந்து பேர் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

பொதுப் பெட்டி இருக்கிற படகில் முதலில் பெட்டிக்கு உரியதை முழுதாகப் போடுங்கள். அதற்குப் பிறகு ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்க மனசு இருந்தால் தனியாக, அளவாகக் கொடுங்கள். பெட்டியில் குறைத்துவிட்டு டைவ் மாஸ்டருக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தால், நாம் இறங்கிப் போன பிறகு அந்தப் படகில் மனஸ்தாபம் வரும், அதில் அடிபடுகிறவர் நமக்குப் பிடித்த அந்த ஆளேதான்.

இலங்கையில் டிப்ஸுக்குச் 'சந்தோசம்' என்ற சொல் புழங்குகிறது. திருகோணமலைப் பக்கம் படகில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள். "தம்பி, இது எங்க சந்தோசத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் கூச்சம் இருக்காது. மூத்த படகோட்டியை 'அண்ணா', 'ஐயா' என்று அழைத்துக் கொடுங்கள்.

சீலிட்ட பாக்கெட்டில் முறுக்கோ கடலைமிட்டாயோ கொண்டுபோய்ப் படகில் எல்லோருக்கும் கொடுப்பது நல்ல காரியம். அது பணத்துக்குப் பதிலாகாது. நல்ல நிலையில் இருக்கும் பழைய மாஸ்க்கோ துடுப்போ டைவ் மாஸ்டருக்குக் கொடுத்தால் மிகவும் மதிப்பார்கள், அந்தச் சாமான்களுக்கு அங்கே விலை அதிகம்.

எதற்காகக் கொடுக்கக் கூடாது

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்டோபஸைக் குச்சியால் குத்தி வெளியே இழுத்துக் காட்டுவது, பேத்தை மீனைப் பிடித்து ஊதவைப்பது, ஆமை முதுகைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பது — இவற்றைச் செய்கிற வழிகாட்டிக்குக் கைதட்டிக் கூடுதல் காசு கொடுத்தால், அடுத்த குழுவுக்கும் அதையே செய்வார். பணம் எதற்கு வந்ததோ அதுதான் அங்கே வளரும். "தொட வேண்டாம், தூர நின்று பாருங்கள்" என்று சைகை காட்டினால் போதும். பவளத்தில் கை வைக்காமல், கூட்டத்தை ஒழுங்காகக் கூட்டிப்போன வழிகாட்டிக்குக் கொடுங்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

திமிங்கலச் சுறா வரவில்லை, தண்ணீர் கலங்கலாக இருந்தது என்பதற்காகக் குறைக்காதீர்கள், கடல் அவர்கள் கையில் இல்லை. காற்று அதிகம் என்று டைவை ரத்து செய்தவரையும் தண்டிக்காதீர்கள். நம் உயிரை நினைத்துத் தன் ஒரு நாள் வருமானத்தை விட்டவர் அவர். ஆனால் டைவுக்கு முன் விளக்கம் சொல்லாமல் இறக்கியது, புதியவரை நீரோட்டத்தில் விட்டுவிட்டு முன்னால் போனது, மேலே வரும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிறுத்தாமல் கூட்டிவந்தது — இவை நடந்தால் அந்த வழிகாட்டிக்கு டிப்ஸ் வேண்டாம். பேசாமல் குறைத்துவிட்டு வந்தால் காரணம் யாருக்கும் புரியாது. கடை மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள். படகுப் பையன்களின் பங்கை மட்டும் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நாடு மாறினால்

எகிப்தில் பக்ஷீஷ், அதாவது டிப்ஸ், எல்லா இடத்திலும் எதிர்பார்ப்பார்கள். படகுக்கு உரியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சாமான் தூக்குகிறவர்களுக்குச் சிறு எகிப்து பவுண்டுத் தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டிப்ஸ் என்பது படகு ஊழியரின் வருமானத்தில் ஒரு பகுதி. ஒரு சிலிண்டருக்கு 5 முதல் 10 டாலர், இரண்டு டைவ் போனால் 10 முதல் 20. ஆஸ்திரேலியாவில் எதிர்பார்ப்பதில்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஜப்பானில் ஒகினாவா பக்கம் போனால் காசு நீட்டாதீர்கள்; சங்கடப்பட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அங்கே தின்பண்டப் பாக்கெட் ஒன்றும், கடையின் இணையப் பக்கத்தில் ஊழியரின் பெயரைச் சொல்லி எழுதும் நாலு வரியும் போதும்.

திரும்பி வந்து மிஞ்சிய டாலரை அன்றே மாற்றி நட்டப்பட வேண்டாம். 2,000 டாலர் வரை தாளாக வீட்டில் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். மடிக்காமல், ஒரு புத்தகத்துக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். சுத்தமான இருபது டாலர் தாள் அடுத்த தடவை கேட்டவுடன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.